நூறு வயதான குடிநீர் அணைக்குக் கீழே குடியிருக்கிறோம், பயப்பட வேண்டுமா?

கேள்வி இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சிறு நகரம். ஊருக்குக் குடிநீர் தருவது 1920களில் கட்டிய ஒரு மண் அணை. உயரம் 38 அடி, நீளம் சுமார் 200 மீட்டர், கொள்ளளவு 20 மில்லியன் கன அடி. கரைக்குக் கீழே ஓடையை ஒட்டி முந்நூறு வீடுகள். பின்கரையில், அதாவது தண்ணீர் நிற்காத வெளிச்சரிவில், ஓரிடத்தில் கோடையிலும் ஈரம் காய்வதில்லை. கரை முழுக்க மரங்கள். "நூறு வருஷம் அசையாமல் நின்ற அணை, இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது" என்கிறார்கள் பொறுப்பில் இருப்பவர்கள். பயப்பட வேண்டுமா, என்ன செய்யலாம்?

குடிநீர்த் திட்டங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட சின்ன அணைகளோடுதான் பெரும்பாலும் மல்லுக்கட்டியிருக்கிறேன். கரையில் ஏறி நடக்காமல் உங்கள் அணை பத்திரமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்தால் அன்றைக்கே குரல் கொடுக்க வேண்டும், எதற்கு நிதானமாக இருக்கலாம் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த "நூறு வருஷம் நின்றது" பேச்சை எடுத்துக்கொள்வோம். அந்த அணை நின்றது உண்மை. ஆனால் அன்றைக்கு அதற்குள் இருந்த இரும்புக் குழாய் புதியது. மேலே காடு இருந்தது, இப்போது அதில் எவ்வளவு கட்டடமும் தார்ச்சாலையும் ஆகியிருக்கிறதோ அவ்வளவுக்கு வெள்ளம் வேகமாக வரும். எல்லாவற்றையும்விட, அன்றைக்கு ஓர் ஆள் தினமும் கரையில் நடந்தார். லஸ்கர் என்று சொல்வோமே, அவர். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மழைக்காலத்தில் இரவிலும் அரிக்கேன் விளக்கோடு ஒரு நடை. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படாமலே போன அணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நூறு வருஷத்தில் முதல் அறுபது எழுபது வருஷம் அந்த அணையைக் காப்பாற்றியது அந்த நடைதான். கடைசி முப்பது வருஷம் அது தானாக நின்றுகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டக்கூடாது.

சின்ன அணைதானே என்ற நினைப்பும் சரியில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்று ஓர் அணை இருந்தது. உயரம் ஏறக்குறைய உங்கள் அணை அளவுதான். 1899இல் தொடங்கி பல கட்டமாக உயர்த்திய பழைய மண் அணை. ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். 1977 நவம்பர் 6ஆம் தேதி, விடாத மழைக்குப் பிறகு, இரவு ஒன்றரை மணிக்கு உடைந்தது. கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் இறந்தார்கள். விசாரணையில் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் 1973இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் பின்கரை ஓரிடத்தில் சரிந்திருந்தது தெரிகிறது. நாலு வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் ஈரத்துக்கு வருவோம்.

மண் அணை என்றால் கசியும். கசியாத மண் அணை கிடையாது. மண்ணுக்குள் தண்ணீர் மெதுவாக நடந்து பின்பக்கம் வந்து சேரும், கட்டியவர்களுக்கே அது தெரியும். நாம் கவலைப்பட வேண்டியது தண்ணீர் வருவதைப் பற்றி அல்ல, அது தன்னோடு மண்ணைக் கொண்டுவருகிறதா என்பதைப் பற்றி. கசிவு வெளியே வரும் வாயில் ஒரு மணல் துகள் நகர்ந்தால், அதற்குப் பின்னால் இருந்த துகளுக்குப் பிடிமானம் போகிறது. அதுவும் நகர்கிறது. இப்படியே வெளியிலிருந்து உள்நோக்கி, கரைக்குள் ஒரு விரல் அளவுக்குக் குகை போல அரித்துக்கொண்டே போகும். இதற்கு வருஷக்கணக்கு ஆகலாம். அந்தக் குகை நீர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் மணிக்கணக்குதான். உலகில் உடைந்த மண் அணைகளில் ஏறக்குறையப் பாதி இப்படி உள்ளரிப்பால் போனவை. மீதியில் பெரும்பகுதி வெள்ளம் கரைக்கு மேலே ஏறி வழிந்ததால் போனவை. வேறு காரணங்கள் குறைவு. அதனால் நம் கண்ணும் இந்த இரண்டின் மேல்தான் இருக்க வேண்டும்.

இன்றைக்குக் கட்டும் அணைகளில் கரைக்குள் மணல் வடிகட்டி வைப்பார்கள். தண்ணீரை விடும், மண்ணை விடாது. இந்த வடிகட்டி மணலின் அளவுக் கணக்கு 1920களில்தான் உருவாகத் தொடங்கியது. உங்கள் அணையில் அது இருக்க வாய்ப்பு குறைவு. நடுவில் மிதித்துக் குழைத்த களிமண் சுவர், இருபுறமும் சாதாரண மண், நீர்ப்பக்கத்தில் கல் பாவியிருப்பார்கள், அவ்வளவுதான் இருக்கும். அந்தக் களிமண் சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் தடுக்க இரண்டாவது ஆள் இல்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கும்போது தரையைக் கிளறிவிடாமல் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கலக்கிய சேறே அடியில் படிந்து பயமுறுத்தும். தேதி எழுதி ஒட்டி, மாதம் ஒரு பாட்டில் சேர்த்து வைத்தால் அதுவே ஓர் ஆவணம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இருந்தால் அணை நீரையும் கசிவு நீரையும் அளந்து பாருங்கள். கசிவு நீரில் உப்பு நன்றாகக் கூடியிருந்தால் அது மண்ணுக்குள் வெகுநாள் உலாவி வந்த தண்ணீராகவோ பக்கத்து மலையிலிருந்து ஊறும் ஊற்றாகவோ இருக்கலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால், அணையிலிருந்து எங்கோ ஒரு குறுக்கு வழி இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இது தீர்ப்பு அல்ல, ஒரு துப்பு மட்டும்தான்.

அளவும் வேண்டும். ஈரமாக மட்டும் இருந்தால் அளக்க எதுவும் இல்லை, ஈரப்பகுதியின் நான்கு முனையிலும் மரக்குச்சி அடித்து வையுங்கள், அது பரவுகிறதா என்று தெரியும். தண்ணீர் ஓடினால் ஒரு சின்ன வாய்க்காலாகச் சேர்த்து, குறுக்கே முக்கோண வெட்டுள்ள ஒரு தகடு வைக்கலாம். 90 டிகிரி வெட்டில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போனால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 0.8 லிட்டர். 10 சென்டிமீட்டர் போனால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்கு ஆகிறது பாருங்கள், அதனால்தான் கண்ணால் பார்த்து "அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. தகடு வைக்க வழியில்லையா, ஒரு பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி நிறைய இருபது வினாடி ஆனால் வினாடிக்கு அரை லிட்டர்.

ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே அணையின் நீர்மட்டத்தையும் அன்றைய மழையையும் எழுத வேண்டும். அணை நிறையும்போது கசிவு கூடுவது இயல்பு. போன வருஷம் 30 அடியில் அரை லிட்டர் வந்தது, இந்த வருஷம் அதே 30 அடியில் ஒரு லிட்டர் வருகிறது என்றால் அது இயல்பல்ல. கசிவு திடீரென்று குறைந்தாலும் மகிழ்ச்சியடைய வேண்டாம். அது வேறு பக்கம் வழி கண்டுபிடித்திருக்கலாம்.

இதில் என் மனதை மிகவும் உறுத்துவது அந்த ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை என்பதுதான். அணை நீரை ஊருக்கு எடுத்துவரும் மதகுக் குழாய் கரைக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரியுமா? பழைய குடிநீர் அணைகளில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். மண்ணைக் குழாயைச் சுற்றி நன்றாக இறுக்க முடியாது, குழாயின் அடிப்பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். அந்தத் தளர்வில் தண்ணீர் குழாயை ஒட்டியே நடக்கும். குழாய் வார்ப்பிரும்பு என்றால் இன்னொரு வியாதியும் உண்டு. நூறு வருஷம் ஈரமண்ணில் கிடந்த வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு கரைந்துபோய்க் கரி மட்டும் மிஞ்சும். வடிவம் மாறாது, பார்த்தால் குழாய் மாதிரியே இருக்கும், கத்தியால் கீறினால் பென்சில் முனை போலப் பொடியும்.

வால்வு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் ஆபத்து மாறும். நீர்ப்பக்கத்தில், மதகுக் கோபுரத்திலேயே மூட முடிந்தால் நல்லது. பின்கரைக்கு வெளியே, கீழே மட்டும்தான் வால்வு என்றால், அந்தக் குழாய் நூறு வருஷமாக முழு அழுத்தத்தோடு கரையின் வயிற்றுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அதில் ஓர் ஓட்டை விழுந்தால் பீய்ச்சும் தண்ணீர் நேராகக் கரைமண்ணைத்தான் அரிக்கும். நீர்ப்பக்கத்தில் மூடும் வசதி இருந்தால் அருமையான ஒரு சோதனை இருக்கிறது. மாற்று ஏற்பாடு செய்துகொண்டு நாலைந்து நாள் அதை மூடி வைத்து, பின்கரை ஈரம் குறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தால் நோய் குழாயில் இருக்கிறது. வைத்தியமும் இருக்கிறது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்து, உள்ளே ஒரு ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாயைச் செருகி, இடைவெளியில் சிமெண்டுக் குழம்பு செலுத்திவிடலாம். கரையைத் தோண்ட வேண்டியதில்லை.

வண்டல் வெளியேற்றும் ஸ்கவர் வால்வைப் பற்றியும் கேளுங்கள். கடைசியாக அதை எப்போது திறந்தார்கள்? நான் போன இடங்களில் பாதிக்கு மேல் கிடைத்த பதில், "திறந்தால் மறுபடி மூடாதோ என்று பயம் சார், அதனால் தொடுவதில்லை." பயத்தில் நியாயம் இருக்கிறது. இருக்கும் குடிநீர் முழுவதும் ஓடிப்போனால் யார் பதில் சொல்வது? ஆனால் ஆபத்து என்று வரும்போது அணையின் பாரத்தைக் குறைக்க உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அந்த வால்வுதான். மேல் மதகை மூடிக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு முறையாவது அதைத் திறந்து மூடிப் பழக்க வேண்டும். மேல் மதகு இல்லாவிட்டால் முக்குளிப்பவரை இறக்கித் தற்காலிகமாக அடைத்துவிட்டுச் செய்யலாம். செலவுதான், ஆனால் வெட்டிச் செலவு இல்லை.

மரங்களைப் பற்றி எழுதினாலே ஆட்கள் கோபப்படுவார்கள். மரம் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். மலைச்சரிவுக்கு அது பொருந்தும். நீர் தாங்கும் கரைக்குப் பொருந்தாது. வேர் ஈரத்தைத் தேடி உள்ளே போகும். மரம் செத்தால் அந்த வேர் மக்கி, அதே தடத்தில் ஒரு குழாய் உருவாகும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும், அதுவும் அணை நிரம்பியிருக்கும் அதே மழைநாளில். அதைவிடப் பெரிய தொல்லை, புதர் மண்டிய கரையில் ஈரமும் விரிசலும் வளையும் கண்ணுக்குத் தெரியாது. பெருச்சாளி, முள்ளம்பன்றி, நண்டு, கரையான் எல்லாம் அங்கேதான் குடும்பம் நடத்தும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலை 2 இரவு திவரே என்ற சின்ன அணை உடைந்து ஒரு குடியிருப்பே அடித்துச்செல்லப்பட்டபோது, நண்டுகள்தான் துளைத்துவிட்டன என்று அந்த மாநில அமைச்சர் ஒருவர் சொன்னார். ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே கசிவைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தார்கள். நண்டு துளைக்கத்தான் செய்யும். துளைத்ததைப் பார்த்து அடைப்பதுதான் மனிதன் செய்ய வேண்டிய வேலை.

அதற்காக நாளைக்கே ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால் ஐந்தாறு வருஷத்தில் அது மக்கிப் புது ஆபத்தாகும். வேரைத் தோண்டினால் கரை திறக்கும். அணை தாழ்ந்திருக்கும் கோடையில், பொறியாளர் முன்னிலையில், வேரையும் எடுத்து, அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். மணிக்கட்டு அளவுக்குக் கீழே உள்ள கன்றுகளையும் புதர்களையும் மட்டும் உடனே அகற்றலாம். அந்த இடத்தில் அருகம்புல் வளரட்டும். நிலம் வனத்துறையுடையது என்றால் அனுமதிக்கே ஒரு வருஷம் ஓடும், இப்போதே மனுப் போடுங்கள்.

அடுத்தது கலங்கல், அதாவது அணை நிரம்பியதும் மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் இடம். கசிவு மெதுவாகக் கொல்லும், கலங்கல் போதாவிட்டால் ஒரே இரவில் முடியும். மண் கரையின் மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அந்தக் கரையை அநேகமாக யாராலும் காப்பாற்ற முடியாது.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. கோடையில் தட்டுப்பாடு வரும் என்று கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி கூடுதலாகத் தேக்குவார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், நானும் என் இளம் வயதில் ஒருமுறை அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். கணக்கைப் பாருங்கள். கலங்கல் 10 மீட்டர் நீளம், அதற்கும் கரையின் உச்சிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கரை விளிம்பைத் தொடும் வரை வினாடிக்குச் சுமார் 17 கன மீட்டர் தண்ணீர் வெளியேறும். 30 சென்டிமீட்டருக்கு மூட்டை அடுக்கினால் அதே கலங்கலில் 10 கன மீட்டர்தான் போகும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, திறனில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அணைக்குத் தண்ணீர் வரும் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்றால், ஒரு மணிநேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்து அத்தனையும் வழிந்து வந்தாலே வினாடிக்கு 16.7 கன மீட்டர். மூட்டை இல்லாத கலங்கல் அதை மயிரிழையில் சமாளிக்கும். மூட்டை வைத்த கலங்கல் சமாளிக்காது. மூட்டை தானாக அடித்துக்கொண்டு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் போகும், சில சமயம் மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து அதையே ஒரு சுவராக்கிவிடும்.

ஒரு மணிநேரத்தில் 60 மில்லிமீட்டர் என்பது நடக்காத மழையா என்றால், இல்லை. நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 90 சென்டிமீட்டரைத் தாண்டியது, அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனை குளங்கள் உடைந்தன என்று நமக்குத் தெரியும். 1920களில் உங்கள் கலங்கலை வடிவமைத்தவர் கையில் சில பத்தாண்டு மழைப் பதிவுகூட இருந்திருக்குமா என்பது சந்தேகம். இன்றைய மழைக் கணக்கை வைத்து அதைச் சரிபார்க்கச் சொல்வது உங்கள் உரிமை. போதாது என்று தெரிந்தால் கலங்கலை நீட்டலாம், இல்லாவிட்டால் அதன் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாம். இரண்டாவது மலிவு, ஆனால் குடிநீர் இருப்பு குறையும் என்பதால் எந்த ஊரிலும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஷட்டர் வைத்த அணை என்றால் இன்னொரு கவலை. கரூர், திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்குக் குடகனாறு அணையைத் தெரியும். 1977 வெள்ளத்தில் தண்ணீர் கரைக்கு மேலேயே ஏறி வழிந்து, 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை பல இடங்களில் கரை போனது. மின்சாரம் நின்றுபோனதால் ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியவில்லை, மாற்று ஜெனரேட்டரை ஓட்டியும் பயனில்லாமல் போனது. அதனால் ஷட்டர் இருந்தால் கையால் சுற்றும் ஏற்பாடும் இருக்க வேண்டும், அதை மழைக்கு முன் ஒருமுறை உண்மையிலேயே சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். உங்களுடையது வெறும் கலங்கல் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கரையின் மேல் லாரி விடுகிறார்களா? நிறுத்தச் சொல்லுங்கள். இலங்கையில் கந்தளாய்க் குளம் ஏழாம் நூற்றாண்டில் கட்டியது, கரை 14,000 அடி நீளம். நூறு வருஷம் இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கண்ட கரை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. கரை மேல் அளவுக்கு மீறிய கனரக வண்டிகள் போனதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. வண்டி போனால் கரை உச்சியில் பள்ளம் விழும், வெள்ளம் முதலில் வழிவது அந்தப் பள்ளத்தில்தான்.

தூர்வாருவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வண்டலை எடுத்தால் கொள்ளளவு கூடும், விவசாயிகளுக்கும் மண் கிடைக்கும், எல்லோரும் ஆர்வமாக இருப்பார்கள். ஆனால் நீர்ப்பக்கத்தில் கரையடியை ஒட்டிப் படிந்திருக்கும் அந்த மெல்லிய வண்டல், நூறு வருஷமாக இயற்கை பூசிய பூச்சு. கசிவைப் பெருமளவு அடைத்து வைத்திருப்பது அதுவாகவே இருக்கலாம். ஜேசிபிக்காரர் கரைப் பக்கத்திலேயே நல்ல மண் இருக்கிறது என்று நோண்டினால் அடுத்த மழைக்குப் பின்கரையில் புது ஊற்று தெரியும். கரையிலிருந்து எவ்வளவு தூரம் தொடக்கூடாது என்று பொறியாளர் கொடி நட்டுக் காட்டிய பிறகே இயந்திரம் இறங்க வேண்டும்.

சரி, அரசு ஆய்வு செய்யாதா? 2021 டிசம்பர் 30 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, விரிவான பாதுகாப்பு மதிப்பீடு, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் அதில் கட்டாயம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டர் அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற கூடுதல் அளவுகோல் ஒன்றையாவது எட்டினால்தான் உள்ளே வரும். 10 லட்சம் கன மீட்டர் என்பது 35 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். 38 அடி உயரம், 20 மில்லியன் கன அடி, 200 மீட்டர் நீளம் என்ற உங்கள் அணை இந்த அளவுகளில் எதையும் எட்டவில்லை. கீழே முந்நூறு வீடு இருப்பது அந்த வரையறைக்குள் வரவில்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. பிரிட்டனில் 25,000 கன மீட்டர் தாண்டினாலே பெரிய நீர்த்தேக்கமாகக் கருதிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அணை அதைப்போல இருபது மடங்குக்கு மேல். ஒன்று மட்டும் கவனியுங்கள், சட்டத்தில் உயரம் என்பது அடித்தளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து கணக்கு. உங்கள் 38 அடி தரைக்கு மேலே அளந்தது என்றால், பழைய வரைபடத்தைப் பார்த்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். 15 மீட்டர் என்பது 49 அடி.

சட்டத்துக்குள் வந்துவிட்டாலும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் வேலி பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு மேலே டாட்புரூக் அணை, 1830களில் கால்வாய்க்குத் தண்ணீர் தரக் கட்டியது. 2018 நவம்பரில் சட்டப்படியான பத்தாண்டு ஆய்வு நடந்தது. 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதி, கனமழையில், பிற்பாடு சேர்த்த கலங்கல் சரிவின் கான்கிரீட் பலகைகள் பெயர்ந்து, கீழே இருந்த கரைமண் அரிக்கத் தொடங்கியது. 1,500 பேரை வெளியேற்றினார்கள், ஹெலிகாப்டரில் கல் மூட்டை கொண்டுவந்து கொட்டினார்கள், பம்பு வைத்து நீரை இறக்கினார்கள். அணை தப்பியது, உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சரிவின் வடிவமைப்பே மோசம், பராமரிப்பும் விட்டுவிட்டு நடந்திருக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வறிக்கை சொன்னது. உங்கள் கலங்கலுக்குக் கீழே கான்கிரீட் தளம் இருந்தால், பலகை இணைப்புகளில் செடி முளைத்திருக்கிறதா, தட்டினால் பொந்து சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதனால்தான் மறுபடியும் அந்த லஸ்கரிடம் வருகிறேன். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் நிபுணர் வேண்டும், வாரம் இருமுறை நடக்கும் ஆளும் வேண்டும். ஒருவரைத்தான் தர முடியும் என்றால் நான் நடக்கும் ஆளைக் கேட்பேன். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே வருகிறது. பத்தாம் நூற்றாண்டில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுக்க விதி எழுதி வைத்தவர்கள் நாம். உங்கள் நகராட்சியிடம் கேட்க வேண்டியது ஓர் ஆளும் ஒரு நோட்டும்தான். நீர்மட்டம், கசிவு அளவு, மழை, கண்ணில் பட்டது, கையெழுத்து. ஒரே ஆள் பல வருஷம் நடக்கட்டும், அவருக்குத்தான் நேற்று இல்லாத ஈரம் கண்ணில் படும். அவர் நடந்து வர ஒற்றையடிப் பாதையாவது வெட்டிக் கொடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, அணையின் மூல வரைபடம், கடைசி ஆய்வறிக்கை, ஸ்கவர் வால்வு கடைசியாக இயக்கப்பட்ட தேதி, கலங்கலின் வடிவமைப்பு வெள்ள அளவு இந்த நான்கையும் கேளுங்கள். "பதிவேதும் இல்லை" என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்கு வலுவான ஆதாரம். அதை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகளையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கசிவு நீர் சேறாகக் கலங்கி வருவது, தரையில் மணல் குமிழியிட்டுச் சின்ன எரிமலை போலக் குவிவது, அணை நீரில் சுழல் தெரிவது, கரை உச்சியில் திடீர்க் குழி, கரை நீளவாக்கில் புது விரிசல். இதில் எதைப் பார்த்தாலும் 1077க்கு அழையுங்கள், கீழே உள்ளவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். இரவு என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பொதுவாக இப்படிப்பட்ட பழைய கரையில் நீர்மட்டத்தை ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் இறக்கத் தயங்குவோம், ஏனென்றால் ஈரத்தோடு நிற்கும் முன்கரை சரியும். உயிர் ஆபத்து என்றால் அந்தத் தயக்கம் வேண்டாம், எல்லா வால்வையும் திறக்க வேண்டியதுதான். கசியும் வாயில் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். தண்ணீர் உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் வெடிக்கும். முதலில் மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கல் என்று பரப்பினால் தண்ணீர் வரும், மண் வராது. சுற்றிலும் மணல் மூட்டையால் ஒரு வளையம் கட்டினால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதுவும் அருகில் நிற்பது பத்திரம் என்று விவரம் தெரிந்தவர் சொன்னால் மட்டும்.

இப்போது உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. நாளைக் காலை வெளிச்சத்தில் போய், மதகுக் கோபுரத்துக்கும் கீழே உள்ள வால்வு அறைக்கும் நடுவே மனசுக்குள் ஒரு நேர்க்கோடு இழுத்துப் பாருங்கள். அந்த ஈரம் கோட்டிலிருந்து விலகி இருந்தால் பாட்டிலும் வாளியுமாக நிதானமாகத் தொடங்கலாம். கோட்டின் மேலேயே இருந்தால் மரம், தூர், மனு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, இந்த வாரமே நீர்மட்டத்தை மெதுவாக இறக்கத் தொடங்கி, பத்து அடியாவது இறங்கியதும் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள்.